கண்டிக்குப் போனவரின் பங்காளிகள்

மண்ணச்சநல்லூருக்குள் வண்டி நுழையும்போதே அந்த வாசனை வந்துவிட்டது, ஊறி அவிந்த நெல்லின் லேசான புளிப்பும் எரிந்த உமியின் காட்டமும் சேர்ந்த வாசனை, நண்பன் கண்ணாடியை ஏற்றப் போனான், வேண்டாம் என்று தடுத்தேன். ஊரைச் சுற்றிலும் அரிசி ஆலைகள், பொன்னி மூட்டைகளில் இந்த ஊர்ப் பெயரைப் பார்க்காதவர்கள் குறைவு. லால்குடிப் பக்கம் எங்கள் அம்மாயி வீட்டுக் கொல்லையில் தை, மாசி முழுக்க இதே வாசனைதான், ராத்திரி ஊறப்போட்ட நெல்லை விடிவதற்கு முன்பே அண்டாவோடு அடுப்பேற்றி, உமியைக் கையால் அள்ளி அள்ளித் தள்ளி எரிப்பாள், நெல் வாய் பிளந்ததும் களத்தில் கொட்டுவாள், ஆவிக்குள் ஆள் தெரியாது, யாரையோ திட்டும் குரல் மட்டும் கேட்கும். வெயில் ஏற ஏறக் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, ஈர நெல்லில் நீளநீளமாய்க் கோடு போடுவாள், பதம் பார்க்க ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பாள், நறுக்கென்று சத்தம் வந்தால் மூட்டை கட்டலாம். இப்போது ஆலையில் உலர்த்துவதற்கு இயந்திரம் இருக்கிறது, அரிசியும் வெள்ளை வெளேரென்று வருகிறது, தட்டில் போட்டால்தான் அதற்கு எந்த வாசனையும் இல்லை என்பது தெரிகிறது.

நண்பன் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை, மடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தான், அதில் அவன் தாத்தா இலங்கையிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த பாஸ்போர்ட்டின் நகல், பூர்வீகம் என்ற இடத்தில் ஒரு கிராமத்தின் பெயர், கீழே முசிறி தாலுகா. துறையூர்ப் பக்கமெல்லாம் அந்தக் காலத்தில் முசிறி தாலுகாதான். அந்த ஒற்றை வரியை நம்பித்தான் கிளம்பியிருந்தோம்.

அந்த உறைக்கு முன்னால் இருந்தது ஒரு தகரப் பெட்டி. கல்லூரிக் காலத்தில் பந்தலூரில் அவன் வீட்டுக்குப் போனபோது பார்த்திருக்கிறேன், டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்து லயம், மதியம் மூன்று மணிக்கே பனி இறங்கி விளக்குப் போடவேண்டிய வெளிச்சம், ஈர விறகின் புகை. அவன் அப்பாயி அடுப்படியில் குந்தி உட்கார்ந்து, ஒரு துண்டு வெல்லத்தைக் கடித்துக்கொண்டு பிளேன்டீயை உறிஞ்சுவாள், பால் ஊற்றிய டீயை டீ என்றே ஒத்துக்கொள்ள மாட்டாள். காலம் முழுக்கக் கொழுந்து கிள்ளியவள், வீட்டுக்கு வாங்குவது என்னவோ தூள்தான். அந்தப் பெட்டியில் நகை எதுவும் இல்லை, எல்லாம் காகிதம், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளை பிறந்ததற்கான சீட்டு, சம்பளச் சீட்டு, கோவாப்பரேடிவ் ரசீது, எதையும் எறிய விடமாட்டாள்.

காகிதம் தொலைந்துவிடுமோ என்ற அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1948 இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத்துச் சனங்களை ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது, மறுவருடச் சட்டம், இங்கேயே இருந்தாய் என்பதற்கு அத்தாட்சி கொண்டுவா என்றது, லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவர்களிடம் அத்தாட்சிக்கு எங்கே போவது? 1964 இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள், மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974 இல் பாதிப்பாதியாக்கினார்கள், அளந்து கொடுக்கிற வேலை சுத்தமாகத்தான் நடந்தது. எங்கள் அம்மாயியிடம் இப்படி ஒரு காகிதம்கூடக் கிடையாது, பிறந்த தேதியே தெரியாது, பெருவெள்ளம் வந்த வருஷம் என்பாள், அவளை யாரும் கேட்கவுமில்லை.

புலிவலம் தாண்டி ஒரு கடையில் காகிதக் கோப்பையில் டீ குடித்தோம், மெழுகு வாசனை அடித்தது, அப்பாயியாக இருந்தால் கீழே கொட்டியிருப்பாள்.

சின்ன வயதில் என் தாத்தாவோடு ராமேஸ்வரம் போன ரயில் நினைவுக்கு வந்தது. 'மண்டபம் கேம்ப்' என்று பலகை வந்ததும் தாத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு, இங்கேதான் கண்டிக்குப் போகிறவர்களை இறக்கி, அம்மை, காலரா இருக்கிறதா என்று பார்த்து, பட்டிபோல் அடைத்துவைத்து அனுப்புவார்கள் என்றார். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கை அரசாங்கம் இந்தக் கரையிலேயே நடத்திய முகாம் அது. பிறகு 1914 இல் கட்டிய பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தது, சன்னல் கம்பிக்குக் கீழே நேரே கடல், பெரியவர்கள் காசு எடுத்து வீசினார்கள், உப்புக்காற்றில் தாத்தாவின் வேட்டி மொடமொடத்துப் போயிற்று. 2025 இல் திறந்த புதுப் பாலத்தில் ரயில் வேகமாகப் போகிறது, நல்லதுதான், காசு எடுப்பதற்குள் கரை வந்துவிடும்.

உப்பிலியபுரம் சாலையில் ஒரு பக்கம் பச்சைமலை, மறுபக்கம் கொல்லிமலை, நடுவில் சின்ன வெங்காயம் காயும் நெடி. கிராமத்து முக்கில் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தெருவுக்குப் போகணும்?" நண்பனுக்கு அந்தக் கேள்வியின் உள்ளே இருப்பது புரிந்துவிட்டது, ஒரு கணம் நின்றுவிட்டுத் தெருவைச் சொன்னான், அதற்குமேல் வழி சொன்னவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தனை கடல் தாண்டிப் போய்வந்தும் அந்தக் கேள்வி இருந்த இடத்திலேயே இருந்தது.

குலதெய்வத்தின் பெயரைச் சொன்னதும் ஒரு பெரியவரிடம் கூட்டிப் போனார்கள். கயிற்றுக்கட்டில், சுண்ணாம்பு டப்பா, தைலம் தேய்த்த முழங்கால். உறையிலிருந்த காகிதங்களை நண்பன் எடுக்க எடுக்க அவர் முகம் இறுகியது.

"காணி கீணின்னு ஏதாச்சும் கேட்டு வந்திருக்கீங்களா தம்பி?"

இல்லை என்று புரியவைக்க வெகுநேரம் பிடித்தது. அதன் பிறகுதான் கால் நீட்டி உட்கார்ந்தார்.

"எங்கப்பாருக்குச் சின்னையா மகன் ஒருத்தர் கண்டிக்குப் போனார்னு சொல்லுவாங்க. கங்காணி முன்பணம் குடுத்தானாம். ஒரு கடுதாசி வந்துச்சாம், அதோட சரி."

அவ்வளவுதான். ஏன் போனார், கூட யார் போனார்கள், கடிதத்தில் என்ன இருந்தது, எதுவும் அவருக்குத் தெரியவில்லை, பாஸ்போர்ட்டிலும் அதற்கெல்லாம் இடம் விடவில்லை. ஆனால் நண்பனின் காது மடலைப் பிடித்துப் பார்த்து, நம்ம வகையறாக் காதுதான் என்றார், அதற்கு அத்தாட்சி எதுவும் கேட்கவில்லை.

மாசியில் கோயில் திருவிழா, தலைக்கட்டுக்கு ஆயிரம் ரூபாய் வரி, நீயும் ஒரு தலைக்கட்டுதானே என்றார். பழைய பாக்கியெல்லாம் சாமி மன்னித்துவிடுமாம். பேரன் போனை நீட்டினான், நண்பன் ஜிபேயில் அனுப்பிவிட்டு, ரசீது வேண்டும் என்றான்.

"அதான் போன்லயே வந்துருச்சேண்ணே."

நண்பன் நகரவில்லை. பெரியவர் சிரித்துக்கொண்டே நாள்காட்டியில் பழைய தாள் ஒன்றைக் கிழித்துத் திருப்பி, என்ன பேர் போட என்று கேட்டார், தாத்தாவின் பெயரைச் சொல்லி, ஊர்ப்பெயரோடு முசிறி தாலுகா என்றும் எழுதச் சொன்னான். எழுதிவிட்டு அவரே அடித்தார், இப்ப துறையூர் தாலுகா தம்பி, தப்பா எழுதினா நாளைக்குச் செல்லாது.