செஞ்சிக் குன்றுகளில் இரண்டு நாள்

மலை ஏறுவதென்றால் நம்மவர்களுக்கு உச்சியில் ஒரு சுவாமியாவது இருக்க வேண்டும். இல்லையேல் ஒரு ராஜாவாவது இருந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாத மலைமேல் வெயிலில் ஏறுகிறவர்களைப் பற்றி ஊரார் என்ன நினைப்பார்களென்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மலையேறும் சங்கத்தார் பதினான்கு பேர் மாசி மாதத்துச் சனிக்கிழமையொன்றில் செஞ்சிக்குப் புறப்பட்டபோது, எங்கள் வீடுகளிலும் அதே அபிப்பிராயந்தான். ஆயினும் புளியோதரை கட்டிக் கொடுத்தார்கள்.

செஞ்சியில் ராஜாக்களுக்குக் குறைவில்லை. 1677-இல் சிவாஜி மகாராஜா பிடித்த கோட்டை அது. அவர் குமாரர் ராஜாராம் அங்கே இருந்த காலத்தில், 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்டுக் கிடந்தது. 800 அடி உயரமுள்ள ராஜகிரியில் ஏறிப் பார்த்தால் காரணம் விளங்குகிறது. மதிலில் பாதியைத்தான் மனிதர் கட்டினார்கள். மீதியைப் பாறைகளே கட்டிக் கொடுத்திருக்கின்றன. ரங்கநாதரைச் சேவித்துவிட்டு இறங்கினோம்.

மறுநாள் சென்றது கோவிலும் கோட்டையும் இல்லாத பக்கத்துக் குன்று. உண்மையில் நாங்கள் வந்தது அதற்காகவே. வீடு பெரிது, யானை பெரிதென்று உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. ஒரு கல் உள்ளங்கையளவு இடத்தில் கால் ஊன்றியிருந்தது. எங்களில் பருமனான அன்பர் ஒருவர் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். கல் அசையவில்லை, அன்பர்தாம் அசைந்தார்.

இவற்றை யாரும் உருட்டி வைக்கவில்லை. பூமிக்குள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இறுகிய கருங்கல்லில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் விழுந்தன. அவற்றின் வழியே நீர் இறங்கிக் கல்லை அரித்தது. மூலைகளை மூன்று பக்கமும் அரித்ததால் அவையே முதலில் உதிர்ந்தன. சதுரக் கல் உருண்டையாயிற்று. பிறகு மழை மண்ணைக் கழுவிச் சென்றது. கல் மட்டும் நின்றது.

குன்றின் மறுபுறம் போனபோது பேச்சு நின்றுவிட்டது. அங்கே பாதி மலையைக் காணோம்! வெடி வைத்துப் பிளந்து ஜல்லியாக்கிக் கொண்டிருந்தார்கள். கல்லுடைக்கும் பெரியவர், “ஐயா, நீங்க வந்த ரோடு எதுலே போட்டதுங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஜல்லி வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. எந்த மலையை உடைப்பது, எதை விடுவது என்று யோசிக்க ஒருவராவது வேண்டாமா? செஞ்சிக் கோட்டைக்கு 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமென்ற மதிப்புக் கிடைத்தது. அதே ஜில்லாவில் திருவக்கரைக் கல்மரங்களும் தேசிய நிலவியல் சின்னமாகக் காக்கப்படுகின்றன. ராஜா ஏறாத இந்தக் குன்றுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

கலெக்டருக்கு மனு அனுப்புவதென்று அங்கேயே தீர்மானித்தோம். காரியதரிசி பென்ஸிலை எடுத்துக்கொண்டு, ஆடு மேய்த்த பையனிடம் குன்றின் பெயரைக் கேட்டார்.

“மலைதாங்க” என்றான் பையன்.

பெயருக்கு இடம் விட்டு மனுவை எழுதியிருக்கிறோம். சர்வே நம்பரை விசாரிக்கக் காரியதரிசி திங்கட்கிழமை தாலுகா கச்சேரிக்குப் போகிறார்.