ஆறு வருஷம் மூன்று மாதம்

"ஒயின் காய்ச்சும் ஊரில் நமக்கு என்ன வேலை?" என்று கேட்டார் என் கணவர். நியாயமான கேள்விதான். காபிக்கு மேல் வேறெதையும் தொட்டறியாதவர்கள் நாங்கள். ஆனால் தீஜோன் நகரில் உத்தியோகம் பார்க்கும் எங்கள் பெண் விடவில்லை. "குடிக்க வேண்டாம்மா, பார்த்தால் போதும்" என்றாள். புறப்பட்டோம்.

பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், பர்கண்டிக்கும் ஸ்விட்சர்லாந்துக்கும் நடுவில் இருக்கிறது ஜூரா. போர்தோ, பர்கண்டி என்றால் உலகமே அறியும். ஜூராவை யார் கண்டார்கள்? ஒரு காலத்தில் இங்கே சுமார் 20,000 ஹெக்டேர் திராட்சை இருந்ததாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேர்ப்பூச்சி வந்து அழித்தது. இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 2,000 ஹெக்டேர்தான்.

ஆர்புவா என்ற சிற்றூரில் இறங்கினோம். விஞ்ஞானி லூயி பாஸ்டர் சிறு வயதில் வளர்ந்த ஊர் இது. அவருடைய வீடு இப்போது காட்சிசாலை. பாக்கெட் பாலில் அவர் பெயரைத் தினமும் பார்க்கிறோம். ஆனால் சூடுபடுத்திக் கிருமியை ஒழிக்கும் வித்தையை அவர் முதலில் பாலில் செய்யவில்லை. ஒயின் கெடாமலிருக்கத்தான் செய்தார்!

ஊருக்கு வெளியே ஒரு தோட்டம். சொந்தக்காரி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. நாங்கள் போனபோது மண்ணைத் தோண்டி மாட்டுக் கொம்புகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் திகைத்துப் போனேன். பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து, இலையுதிர் காலத்தில் புதைத்து, வசந்தத்தில் எடுப்பார்களாம். நாற்றமே இல்லை, நல்ல காட்டு மண் வாசனை. ஒரு ஹெக்டேருக்கு 100 கிராம் போதும். அதைத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கலக்க வேண்டும், வலப்புறம் ஒரு சுழல், இடப்புறம் ஒரு சுழலாக. நானும் கலக்கிப் பார்த்தேன். பத்தே நிமிஷத்தில் தோள் விட்டுப் போயிற்று. தோசை மாவு கரைத்த கை என்ற பெருமையெல்லாம் அங்கே செல்லவில்லை!

இதற்குப் பயோடைனமிக் விவசாயம் என்று பெயர். 1924-ல் ருடால்ஃப் ஸ்டைனர் என்பவர் செய்த சொற்பொழிவுகளிலிருந்து பிறந்தது. ரசாயன உரம் கிடையாது. சந்திரன் நிற்கும் ராசியைப் பார்த்து வேர் நாள், இலை நாள், பூ நாள், பழ நாள் என்று பிரித்த ஒரு பஞ்சாங்கம் சுவரில் தொங்கியது.

"இதற்கு விஞ்ஞான நிரூபணம் இல்லையே?" என்று என் பெண் பட்டென்று கேட்டுவிட்டாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அந்த அம்மாள் கோபிக்கவில்லை. "இருக்கலாம். ஆனால் இதைச் செய்வதற்காக ஒவ்வொரு கொடியிடமும் எத்தனை தடவை போகிறேன், தெரியுமா?" என்றாள். எனக்கும் கொம்பைவிட அந்தப் பதிலில்தான் நம்பிக்கை.

பிறகு நிலவறைக்கு அழைத்துப் போனாள். ஜூராவின் கீர்த்தியெல்லாம் 'வான் ஜோன்' என்ற மஞ்சள் ஒயினில் இருக்கிறது. சவான்யான் திராட்சையின் ரசத்தைப் பீப்பாயில் ஆறு வருஷம் மூன்று மாதம் வைத்துவிடுவார்கள். குறைந்தால் நிரப்புவதில்லை. மேலே ஈஸ்ட் மெல்லிய ஆடையாகப் படர்ந்து காக்கிறது. ஒரு லிட்டரில் கடைசியில் மிஞ்சுவது 62 சென்டிலிட்டர் என்பது கணக்கு. புட்டியும் அதே அளவு! முகர்ந்து மட்டும் பார்த்தேன். வால்நட் பருப்பின் மணம்.

மூலையில் தனியாக ஒரு பீப்பாய், மேலே சாக்குக் கட்டியால் 2021 என்று எழுதியிருந்தது. அந்த ஏப்ரலில் பெய்த உறைபனியில் தளிரெல்லாம் கருகிவிட்டன. கொம்பும் காக்கவில்லை, பஞ்சாங்கமும் காக்கவில்லை. மற்ற வருஷங்களில் பத்துப் பீப்பாய் நிரம்புமாம். அந்த வருஷம் இது ஒன்றுதான்.

"விற்று விடலாமே?" என்றார் என் கணவர்.

"2028-ல்தான் வெளியே வரும். அதுவரை கடன்காரர்களும் காத்திருக்கிறார்கள்" என்று சிரித்தாள்.

விடைபெற்றபோது அந்தி சாய்ந்துவிட்டது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தன. "ஆஹா, என்ன அழகு!" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. மேகமில்லாத ஏப்ரல் இரவில்தான் பனி இறங்கும் என்று வழியில் பெண் சொன்னாள். திரும்பிப் பார்த்தேன். கொடி வரிசைகளுக்கிடையே அந்த அம்மாள் பெரிய பெரிய மெழுகுவர்த்தி வாளிகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.