அப்பப்பாவின் சாரம்

1978-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சூறாவளி எங்கள் வாழைச்சேனை வீட்டுக் கூரையைக் கொண்டுபோன இரவில், பெட்டகத்தின் அடியில் நனையாது தப்பிய சொற்பப் பொருள்களுள், உறவினர் வீட்டுக்குப் புறப்படுகையில் மட்டும் அப்பப்பா உடுத்துவதற்கென அப்பம்மா மடித்து வைத்திருந்த கட்டச்சாரமும் ஒன்று. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பளையகாட்'. அதே மாதிரியில் தனக்கொரு சட்டை வேண்டுமென்று என் மகள் கேட்டபோதுதான், இவ்வளவு காலமாக நாவில் புழங்கிய அந்தச் சொல்லின் பொருளை நான் ஒருநாளும் விசாரித்ததில்லை என்பது மனத்தில் உறைத்தது.

பாலக்காடு என்னும் ஊர்ப்பெயரே இவ்வாறு மருவியதாக நெடுநாள் நம்பியிருந்தேன். கொழும்பிலே ஒரு மலாய் ஆசிரியர், தம் முன்னோரின் மொழியில் கட்டமிட்ட சாரத்துணிக்குப் 'பெலிகாட்' என்பதே நாமதேயம் என்றும், அது சோழமண்டலக் கரையின் ஒரு துறைமுகத்தைக் குறிப்பது என்றும் சொன்ன கணத்தில் அந்த நம்பிக்கை தகர்ந்தது. அத்துறைமுகம் சென்னைக்கு வடக்கே, உப்பேரிக் கரையில் அமைந்த பழவேற்காடு. அயலார் நாவில் புலிகாட்.

ஒல்லாந்தர் அங்கே கெல்திரியா என்னும் கோட்டையை 1613-இல் எழுப்பினர். கிராம்பும் சாதிக்காயும் விளைந்த கீழைத் தீவுகளில் வெள்ளிக்காசினும் சோழமண்டலத் துணிக்கே மதிப்பு மிகுதியாதலால், அதனைக் கொடுத்தே அவர்கள் வாசனைத் திரவியங்களைக் கொண்டனர். அதே ஒல்லாந்தர்தாம் 1638-இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையையும் கைப்பற்றினர். வாவிக்கரையிலே பிறந்து வளர்ந்த எனக்கு, வேறொரு வாவிக்கரைத் தமிழ்த் தறியின் பெயர் அப்பப்பாவின் இடுப்பிலே இருந்திருக்கிறது என்று அறிந்தபோது உண்டான உவகையைச் சொல்லி முடியாது. 'சாரம்' என்பதோ மலாய்ச் சொல். ஆக, உடையின் பெயர் கீழ்த்திசையிலிருந்தும், கட்டத்தின் பெயர் வடதிசையிலிருந்தும் வந்து இத்தீவிலே ஒன்றுகூடின. அக்கரையின் சிவப்புச் சாயத்துக்கு மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டிய சாயவேரும் கப்பலேறியதை நினைத்தால், இலங்கை வெறுமனே வாங்கி உடுத்த நாடன்று என்பதும் விளங்குகிறது.

இந்தக் கட்டம் மேற்கிந்தியத் தீவுகளில் பெண்களின் தலைக்கட்டாயிற்று. நைஜீரியாவின் கலபாரி மக்களிடம் சடங்குத் துணியாயிற்று. 1960-களின் அமெரிக்கக் கடைகளில், தோய்க்குந்தோறும் சாயம் கசிவதையே சிறப்பென்று சொல்லி விற்ற சட்டையுமாயிற்று. மகள் கேட்டது புதுமை அன்று.

பழைய சாரத்தை எடுத்துக்கொண்டு, ஏறாவூரும் காத்தான்குடியும் கடந்து, கல்லாற்றுப் பாலங்களைத் தாண்டி மருதமுனைக்குப் போனேன். அங்கே ஒரு முதிய நெசவாளர், "இது கண்ணால பார்க்கிற துணியில்ல தம்பி, எண்ணிப் பார்க்கிற துணி" என்று சொல்லி, பாவில் ஓடும் நிறவரிசையே ஊடையிலும் ஓடுவதை விரலால் காட்டினார். சிவப்பின்மேல் சிவப்பு விழுந்த இடம் முழுச்சிவப்பு. நீலத்தின்மேல் நீலம் விழுந்தது முழுநீலம். இரண்டும் குறுக்கிட்ட இடத்திலோ, எவரும் தோய்த்தெடுக்காத ஒரு கருஞ்செந்நிறம் தானே பிறந்திருந்தது.

"சட்டைக்கெண்டா கட்டத்தைச் சின்னதாக்கணுமோ, காக்கா?" என்றேன்.

"சின்னதாக்கலாம்; வரிசையை மாத்தாதீங்க" என்றார்.

பிறகு நகநுனியால் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணி, நிறத்தையும் தொகையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனார். பிற்பகல் தொழுகைக்கு எழுந்தவர் திரும்பி வந்து, விட்ட இடத்தை நம்பாமல், முதலிழையிலிருந்து மறுபடியும் எண்ணத் தொடங்கினார்.