சிலிண்டரில் 200 பார்

அஸ்ப்ராவில் இறங்கியதும் மூக்கில் ஏறுகிறது உப்பில் ஊறும் நெத்திலி வாடை. சிசிலித் தீவின் பலேர்மோவுக்குக் கிழக்கே இருக்கும் பகேரியா நகரத்தின் கடற்கரைப் பகுதி இது. நெத்திலிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். தூத்துக்குடிக்காரர் யாரும் இங்கே அந்நியமாக உணர வாய்ப்பில்லை. கிழக்கே மொஞ்செர்பினோ முனை. அதையும் தாண்டினால் காப்போ சஃபெரானோ. அங்கே மலை கரையோடு நிற்பதில்லை, செங்குத்தாகக் கடலுக்குள்ளும் இறங்குகிறது.

முக்குளிக்கப் புறப்பட்ட படகில் வழிகாட்டி முதலில் பார்த்தது சிலிண்டரின் மானியை. முள் 200 பாரில் நின்றது. இந்தப் பார் காற்றழுத்தத்தின் அளவு. நம் தூத்துக்குடி முத்துக்குளித்துறையில் பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு, சிப்பி விளையும் இடம். சொல் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் குளியாளின் பிழைப்பு இந்த இரண்டு பாருக்கும் நடுவில்தான் நடக்கிறது.

முகக்கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்து அலசினார். பனி படியாமலிருக்க இன்றுவரை அதுதான் கைமருந்து. பிறகு சைகைகள். கட்டைவிரலை உயர்த்தினால் 'நன்று' என்று நினைத்துவிடக் கூடாது, 'மேலே போகலாம்' என்று பொருள். புதிதாக வருகிறவர்கள் மகிழ்ச்சியில் விரலைத் தூக்கிவிட்டு, குளிப்பு முடிந்துபோய் விழிப்பதுண்டு.

கீழே பாறைக் குவியல். இடுக்குகளில் அஞ்சாலை வாயைத் திறந்து மூடுகிறது; களவா ஒன்று தன் பொந்து வாசலில் நின்று முறைக்கிறது. மணல் இருக்கும் இடமெல்லாம் கடல்தாழை. நம் மன்னார் வளைகுடாவைப் போலப் பவளத்திட்டு கட்டும் கடல் அல்ல இது. ஆனால் நிழலான பாறைச் சுவரில் ஆரஞ்சுப் பவளம் ஒட்டிக் கிடக்கிறது. ஆழத்தில் முதலில் மங்குவது சிவப்பு. டார்ச் அடித்தால்தான் அந்த நிறம் திரும்பி வருகிறது.

20 மீட்டரில் அழுத்தம் மூன்று மடங்கு, காற்றும் மூன்று மடங்கு வேகத்தில் தீர்கிறது. முள் 50க்கு வருமுன் மேலேறத் தொடங்கிவிட வேண்டும். 5 மீட்டரில் மூன்று நிமிடம் சும்மா தொங்க வேண்டும். இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேறவே இந்தக் காத்திருப்பு. அவசரப்பட்டால் கோலிசோடாவின் குண்டை அமுக்கியது போல உடம்புக்குள்ளேயே குமிழி கிளம்பும்.

இந்தக் கணக்கின் கடுமையை ஊரே பார்த்தது 2024 ஆகஸ்டில். 19ஆம் தேதி விடியுமுன் அடித்த புயலில், பக்கத்து போர்த்திசெல்லோ துறைமுகத்துக்கு எதிரே 56 மீட்டர் நீள 'பேய்சியன்' பாய்மர உல்லாசப் படகு மூழ்கியது. இருந்தவர்கள் 22 பேர், இறந்தவர்கள் 7. படகு கிடந்தது சுமார் 50 மீட்டர் ஆழத்தில், அதாவது ஆறு மடங்கு அழுத்தத்தில். குகை முக்குளிப்பில் தேர்ந்த தீயணைப்புப் படையினர் மெத்தையும் மேசையும் அடைத்த அறைகளுக்குள் புகுந்து தேடினார்கள். ஒருவருக்கு ஒரு தடவைக்குக் கிடைத்தது பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். கடைசி உடலை மேலே கொண்டுவர 23ஆம் தேதி ஆயிற்று. அடுத்த ஆண்டு மே மாதம், படகைத் தூக்கும் பணியில் ஒரு முக்குளிப்பாளர் உயிரிழந்தார். ஜூனில் படகு மேலே வந்தது. செய்திகளில் படகின் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். கீழே போய் வந்தவர்களுக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். காலில் கல்லோடு இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி அள்ளி வருவார்கள். மேலே கயிறு பிடிப்பவர் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். தங்கை தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டார் அல்லவா! மூச்சடக்கியவருக்குக் குமிழி நோய் பெரும்பாலும் வந்ததில்லை. சங்குகுளிக்குக் கம்ப்ரசர் குழாய் வந்த பிறகுதான் மூட்டு வலியும் முடக்கமும் சேர்ந்தே வந்தன.

பலேர்மோவுக்கு வடக்கே எரிமலைப் பாறைத் தீவான உஸ்திகா, கடல் காப்பகமானது 1986இல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். மீனுக்கும் பவளத்துக்கும் காவல் இரு கடலிலும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. குளியாளுக்கும் காவல் வேண்டும்.

எங்கள் வழிகாட்டியின் மணிக்கட்டில் ஆழத்தையும் நிமிடத்தையும் கணக்கிட்டு, எப்போது ஏறலாம் என்று சொல்லும் சிறு கணினி இருந்தது. சங்குகுளிக்குப் போகும் நம் படகுகளில் ஒவ்வொரு குளியாளுக்கும் அப்படி ஒன்றை, பயிற்சியோடு சேர்த்து, மீன்வளத்துறை மானியத்தில் கொடுக்க வேண்டும்.