‘எந்த வேலையும் செய்வேன்’ என்று சொல்லாதே

வல்லத்திலும் சுற்று ஊர்களிலும் ஐ.டி.ஐ., டிப்ளமோ, நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்கிறேன். “உனக்கு என்ன வேலை தெரியும்?” என்றால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “எந்த வேலையா இருந்தாலும் செய்வேன் சார்.” வீட்டுக் கடன், தங்கச்சி கல்யாணம் எல்லாம் அந்தப் பதிலுக்குள் இருக்கின்றன. நம் ஊரில் அது பணிவு. தோஹாவிலிருந்து ஆள் எடுக்க வந்தவர் காதில், இவனுக்கென்று தொழில் எதுவும் இல்லை என்றே விழும். எலெக்ட்ரீஷியனாகப் போக வேண்டியவன் ஹெல்பர் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுவது இப்படித்தான்.

*

கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் தம்பி ஒருவன் அதைச் சொல்லவே கூச்சப்பட்டான். “லோக்கல் வேலைதானே அண்ணே.” எத்தனை எச்.பி., சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, ஸ்டார்ட்டரில் என்ன பழுது, அதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நிறுத்தாமல் பேசினான். கையில் மல்ட்டிமீட்டர் இருப்பதுபோல விரல்கள் அசைந்தன. இதை அப்படியே ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்ல வைத்தால் போதும். இலக்கணம் கொஞ்சம் தட்டினால் பரவாயில்லை.

செஞ்சி கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், நெல் மூட்டைக்கும் மல்லாட்டை மூட்டைக்கும் கணக்கு எழுதிய பெண், கிடங்கு வேலைக்கான விண்ணப்பத்தில் அனுபவம் ‘இல்லை’ என்று போட்டிருந்தாள். எடை, சாக்கு எண்ணிக்கை, வியாபாரியின் சீட்டு, மாலைக்குள் கணக்கு நேராக வேண்டிய நெருக்கடி. இதைவிட என்ன அனுபவம் வேண்டும்!

அதே சமயம், மேஸ்திரி செய்ததைத் தான் செய்ததாகச் சொல்லக் கூடாது. சிங்கப்பூர் கட்டுமான வேலைக்கு ஸ்கில் டெஸ்ட் உண்டு. டைல்ஸ் ஒட்டுவதோ கம்பி கட்டுவதோ, கண் முன்னால் செய்து காட்டியாக வேண்டும். அங்கே வாய் உதவாது.

*

பெயர். நமக்கு இனிஷியல்தான் பழக்கம். பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரியும், சான்றிதழில் ஒற்றை எழுத்தாகவே நிற்கும். இரண்டையும் இப்போதே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்றது. உள்பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். இந்த அறிவிப்பு நம் பக்கத்துக்காரர்களை எவ்வளவு அலைக்கழித்திருக்கும்!

நேர்காணலில் உன்னை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். திகைக்காதே. “இது என் தந்தையின் பெயர், என்னை இப்படிக் கூப்பிடுங்கள்” என்று சிரித்த முகத்தோடு சொல்ல இரண்டு மூன்று தடவை பழகிக்கொள்.

*

வீடியோ நேர்காணல் என்றால் நேரக் கணக்கு முக்கியம். சிங்கப்பூரில் காலை 10 மணி நமக்கு 7.30. துபாயின் 10 நமக்கு 11.30. ஜெர்மனியின் 10 குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் 2.30, கோடையில் 1.30. அன்றைக்கு மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை உண்டா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

*

பணம். இதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. பதிவு உண்டா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். நிலத்தை அடமானம் வைத்து லட்சக்கணக்கில் கொடுக்கிறவர்களிடம் இதைச் சொன்னால், “ஏஜென்ட் நம்ம சொந்தக்காரர்தான்” என்கிறார்கள். முதியோர், நோயாளிகளைப் பராமரிக்கும் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதைப் பிரிட்டன் 2025 ஜூலை 22 முதல் நிறுத்திவிட்டது. அந்த வேலையைக் காட்டி இனி யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டும்.

1978-இல் தொடங்கிய தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது. அதன் அறிவிப்புகளை முதலில் பார்க்கலாம்.

*

“எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்று கடைசியில் கேட்பார்கள். நம் பிள்ளைகள் “நோ சார்” என்று எழுந்துவிடுகிறார்கள். கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு? ஓவர்டைம் எப்படிக் கணக்கிடுவீர்கள்? தங்குமிடம் உங்களுடையதா? டிக்கெட் யார் செலவு? பாஸ்போர்ட் என் கையில்தானே இருக்கும்? ஒப்பந்தத்தைப் புறப்படும் முன்பே அனுப்புவீர்களா?

“இதெல்லாம் கேட்டா வேலை குடுக்க மாட்டாங்களே அண்ணே” என்றாள் சவூதிக்கு விண்ணப்பித்திருக்கும் நர்ஸ் பிள்ளை. இதைக் கேட்டதற்காக வேண்டாம் என்கிற மருத்துவமனையில் நீ இரவுப் பணி பார்க்க வேண்டாம் பாப்பா என்றேன். அடுத்த ஞாயிறு அவளுக்கு ஆங்கிலத்தில் ஒத்திகை. இந்தக் கேள்விகளை அவளே கேட்பாள், பதில் சொல்லும் அதிகாரியாக நான் உட்கார வேண்டும்.