ஆள் தேடிய வரலாறு

கலாசாலையை விட்டு நீங்கிப் பல ஆண்டுகள் கழிந்த நம்மை, இம்மலருக்கு ஏதேனும் எழுதுமாறு நண்பரொருவர் பணித்தனர். இலக்கிய ஆராய்ச்சிக்கு நமக்குத் துணிவில்லை. விருதுநகரில் நம் தமையனாரோடு நாம் நடத்திவரும் குளிர்சாதனக் கடைக்குச் சென்ற மாசியில் ஆள் தேடிய வரலாற்றையே எழுதுகின்றோம்.

சிவகாசியில் பட்டாசு உலர்த்த வெயில் வேண்டும். அவ்வெயில் ஏறினாலோ, ஏ.ஸி. வேண்டுமென்று ஜனங்கள் நம் கடைக்கு ஓடி வருவர். அச்சகத்தாரும் விடார், காற்றின் ஈரம் மாறினால் காகிதம் நீண்டு சுருங்கி, வர்ணங்கள் ஒன்றின்மேலொன்று பொருந்தாமற் போகுமன்றோ! ஆகவே இரு தொழிலுக்கும் ஒரே பருவத்தில் ஆள் தேவை. பயராபீஸிலோ வாரக்கூலி உடனே கைக்கு வரும், முன்பணமும் கிடைக்கும். நாமோ ஐ.டி.ஐ.யில் ஈராண்டு பயின்றவனைக் கேட்கின்றோம். அவ்வாறு பயின்றோரிற் பலர் சென்னைக்கோ வளைகுடா நாட்டுக்கோ சென்றுவிடுகின்றனர்.

விண்ணப்பித்தோர் மூவர். ஒருவர் நேரில் வரவேயில்லை. மற்றொருவர் யோக்கியதாபத்திரங்கள் பலவற்றை மேஜைமேல் பரப்பினார். குழாயில் வாயு கசிவதை எங்ஙனம் அறிவீர் என்று வினவினோம். "தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பேன்" என்றார். சிவகாசிக்கு அருகில் இருந்துகொண்டு இவ்விடையா! ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மாண்ட்ரியலில் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப்பின் பழைய வாயுக்கள் படிப்படியாக விலக்கப்பட்டன. இன்று புழங்கும் ஆர்-32 ஓரளவு எரியும். ஆர்-290 என்பதோ புரொபேன், அடுப்பு வாயுவின் இனம்.

மூன்றாமவன் பத்தாம் வகுப்பு மட்டும் தேறிய பிள்ளை. தாயார் பயராபீஸில் வேலை செய்பவர். செப்புக்குழாயைப் பற்றவைக்கச் சொல்லி விளக்கை நீட்டினோம். அவன் வாங்கவில்லை. "உள்ளே கேஸ் இருக்கிறதா, அண்ணாச்சி?" என்று கேட்டான். கசிவறிய என்ன செய்வாய் என்றதற்குச் சோப்பு நுரை தடவலாமே என்றான். தொழில் ஒன்றும் தெரியாது. நெருப்பை மட்டும் நன்கு தெரிந்திருந்தான்.

தமையனார் அக்கணமே சம்பளம் பேசத் தொடங்கினார். உடன் வந்திருந்த தாயார் குறுக்கிட்டு, "பயராபீஸ் வேண்டாமென்றுதான் இவனை இங்கே கூட்டி வந்தேன், அண்ணாச்சி. இங்கே உயிருக்குப் பயமில்லையே?" என்றார்.

இல்லையென்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அதற்கு முந்தின கோடையில், உறவினர் சொல்லுக்காகச் சேர்த்த இளைஞனொருவனை, வேலை மிகுதியால் பெல்ட்டும் கயிறுமின்றி மூன்றாம் மாடிச் சுவரில் வெளிப்புற யந்திரத்தைப் பொருத்த அனுப்பியிருந்தோம். அவன் வழுக்கி, கீழ்மாடித் தகரக் கூரையில் வீழ்ந்தான். உயிர் பிழைத்தது; வலக்கால் இன்றும் சரியாக ஊன்றவில்லை. பிழை முழுவதும் நம்முடையதே.

அதனை அவ்வம்மையாரிடம் மறையாமற் கூறினோம். தமையனார் முகம் சுருங்கிற்று. "கையில் வந்த ஆளையும் விரட்டுகிறாயே!" என்பது அம்முகத்தின் பொருள். அம்மையார் சற்றுநேரம் வாளாவிருந்தார். பின்னர், "அந்தப் பெல்ட்டைக் காட்டுங்கள், பார்ப்போம்" என்றார். புதிதாக வாங்கியிருந்ததைக் கொணர்ந்து கொடுத்தோம். கொக்கியை இருமுறை திறந்து மூடினார். தையலை விரலால் இழுத்துப் பார்த்தார். மகனை அழைத்து, தம் கையாலேயே அவனிடையிற் கட்டி, கயிற்றைப் பற்றி ஓங்கி ஓரிழுப்பு இழுத்தார். பையன் தள்ளாடி நம்மேற் சாய்ந்தான்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும்?" என்று கேட்டார்.