இரவு பெல்ட்

ஏப்ரல் 9

டாக்டர் என் மகளின் முதுகெலும்பு எக்ஸ்ரேயில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்தார். வளைவின் கோணம் 28 டிகிரி. 1948-இல் ஜான் காப் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த அளவுமுறை. இன்றும் உலகம் முழுக்க இதுதான். 10-ஐத் தொட்டால் ஸ்கோலியோசிஸ், அதாவது பக்கவாட்டு முதுகு வளைவு. 25-ஐத் தாண்டி, வளர்ச்சியும் மிச்சமிருந்தால் உடம்பை இறுகப் பிடிக்கும் பெல்ட்.

"பெரியவளாயிட்டாளா?"

"இன்னும் இல்ல டாக்டர்."

"அப்போ நல்லா உயரம் போடுவா. அந்த வேகத்துல வளைவும் கூடலாம். இப்பவே பிடிக்கணும்."

ஏப்ரல் 11

நாத்தனார் போனில் புத்தகப் பையைத் திட்டினார். மாமியார், கூனி உட்கார்ந்து படித்ததுதான் காரணம் என்கிறார். இரண்டுமே இல்லை. இந்த வயதில் வரும் வளைவுக்குப் பெரும்பாலும் காரணம் பிடிபடுவதில்லை. முற்றுவது மட்டும் பெண் பிள்ளைகளுக்கே அதிகம். "வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார் மாமியார். நான் பதில் பேசவில்லை.

ஏப்ரல் 20

பெல்ட்டால் பலன் உண்டா என்ற சண்டையை 2013-இல் வெளிவந்த அமெரிக்க, கனடா ஆய்வு முடித்து வைத்தது. பெல்ட்டுக்குள் வெப்பம் உணரும் கருவி வைத்து, போட்ட நேரத்தைக் கணக்கெடுத்தார்கள். நாளுக்கு 13 மணி நேரமோ அதற்கு மேலோ போட்ட பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு வளைவு 50 டிகிரியை எட்டவில்லை.

ஆனால் அது பகலிலும் போடுகிற பெல்ட். எங்களுக்கு எழுதியது இரவுக்கு மட்டுமானது. 1979-இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் உருவான வகை. வில்லை மறுபக்கம் வளைப்பதுபோல உடம்பையே எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடிக்கும். அதைப் போட்டுக்கொண்டு நடமாட முடியாது; அதனால்தான் இரவு. நேரம் குறைவு, அழுத்தம் அதிகம்.

2024-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் இரவு பெல்ட் போட்ட 45 பேரில் 34 பேருக்கு வளைவு 6 டிகிரிக்கு மேல் கூடவில்லை. உடற்பயிற்சி மட்டும் செய்த 45 பேரில் 24 பேருக்குத்தான் அப்படி. இதைப் படித்த பிறகுதான் எனக்குத் தெம்பு வந்தது.

மே 6

படுக்கவைத்துத்தான் மாட்ட வேண்டும். உள்ளே பருத்தி பனியன், தையல் தோலில் படாமல் உள்வெளியாக. ஒரு சுருக்கம் இருந்தாலும் காலையில் தடிப்பு. பவுடர், எண்ணெய் எதுவும் கூடாது. வார்களில் பெல்ட் செய்த டெக்னீஷியன் பேனாவால் கோடு போட்டிருக்கிறார். அதுவரை இழுக்க வேண்டும். நான் இழுக்க, "அம்மா, மூச்சு முட்டுது" என்றாள். ஒரு விரற்கடை தளர்த்தினேன். அவளே, "டாக்டர் திட்டுவார், இழு" என்றாள்.

பாத்ரூம் போக வேண்டுமானால் அத்தனையையும் கழற்ற வேண்டும். கத்தரி வெயில் வேறு. விடியும்வரை இருவருமே தூங்கவில்லை.

காலையில் இடுப்பில் சிவப்புத் தடம். அரை மணி நேரத்தில் மறைந்தால் பயமில்லை. மறைந்தது.

ஜூன் 14

பெல்ட்டோடு எடுத்த எக்ஸ்ரேயில் 28 என்பது 7 ஆகியிருந்தது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். கழற்றினால் பழையபடி திரும்பிவிடும் என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இது நிமிர்த்துகிற வைத்தியமில்லை. வளர்ந்து முடியும்வரை வளைவை ஏறவிடாமல் நிறுத்துகிற வைத்தியம்.

ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, "எங்க பொண்ணுக்கும் ராத்திரி பெல்ட்டே கேக்கப் போறேன், ஸ்கூல்ல கேலி பண்றாங்க" என்றார். அந்தப் பெண்ணுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரட்டை வளைவு. என் மகளுக்குக் கீழ்முதுகில் ஒற்றை வளைவு. இரவு பெல்ட் நன்றாகப் பிடிப்பது இந்த ஒற்றை வளைவைத்தான். கேலிக்குப் பயந்து பெல்ட்டைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, எக்ஸ்ரே சொல்வதைக் கேளுங்கள் என்று அவரிடம் சொன்னேன். டாக்டர் அந்தப் பெண்ணுக்குப் பகலிலும் போடுகிற பெல்ட்தான் எழுதினார். அதுதான் சரி.